சனிக்கிழமை விஞ்ஞான சபை

விஞ்ஞானம் எத்தனையோ தேசங்களில் பிறந்திருக்கலாம். ஆனால் அது நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொதுமக்களோடு சரிசமமாகக் காபி குடித்தது உலக சரித்திரத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான். கோயமுத்தூருக்கு வடக்கே கணபதியில், செங்கோட்டையக் கவுண்டர் தோட்டத்தில், 1936-ஆம் வருஷம் ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தச் சபையின் காரியதரிசி நான்தான்.

சபை பிறந்த கதை மிகவும் புனிதமானது. பைக்காராவிலிருந்து மின்சாரம் மலையிறங்கி வந்து, கவுண்டர் கிணற்று மேட்டில் ஐந்து குதிரை சக்தி மோட்டாராக உட்கார்ந்தது. மோட்டார் வாங்கியவருக்கு அதை நாலு பேர் பார்க்க வேண்டும். டாக்டர் வேங்கடசாமி நாயுடு ஜெர்மனிக்குப் போய் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தார்; அவர் பேசுவதை நாலு பேர் கேட்க வேண்டும். நான் தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து, மனுவைப் படிக்காமலே பதில் எழுதும் வித்தையில் கரை கண்டு, தலைமைக் குமாஸ்தாவாக ரிடையர் ஆனவன். எனக்கு எதையாவது எழுதியாக வேண்டும். இந்த மூன்று பெருந்தேவைகளும் ஒன்றாய்க் கூடியதற்குத்தான் ‘கணபதி விஞ்ஞான விளக்க சபை’ என்று பெயர்.

சபையின் கொள்கை எளிமை. மேடை கிடையாது, மாலை கிடையாது, சம்பிரதாயம் கிடையாது. விஞ்ஞானி ஒரு பக்கம், குடியானவர் ஒரு பக்கம், நடுவில் காபி. புதிதாக வரப்போகும் யந்திரங்களைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டியது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இவ்வளவு சுதந்திரமான சபைக்கு விதிகள் எதற்கு என்று நான் முப்பத்து நான்கோடு நிறுத்திக்கொண்டேன். முதல் விதி, ‘இந்தச் சபைக்கு விதிகள் இல்லை’ என்பது.

முதல் கூட்டத்தில் டாக்டர் நாயுடு அணுவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். கடைசியில் ‘சந்தேகம் ஏதும் உண்டா?’ என்றார். எண்பது பேரும் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நல்லாப் புரிஞ்சுதுங்க என்றார்கள். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெர்மனியில் இதே விஷயத்தைப் பெரிய பெரிய பேராசிரியர்களிடம் சொன்னபோது ஒருவருக்குக்கூடப் புரியவில்லையாம். ஆளுக்கு நாலு கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கினார்களாம். எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்கு மறந்து போயிருந்தது. நம் இடத்துக்கு வந்து, நாம் கொடுத்த காபியைக் குடித்த மனிதரிடம் ‘நீங்கள் சொன்னது விளங்கவில்லை’ என்று சொல்லும் பழக்கம் கொங்கு நாட்டில் கிடையாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு வேண்டுமானால் பேசிக்கொள்வோம். ஆனால் குறிப்பேடு மரியாதையை அறியாது. ‘வந்தவர் எண்பது. புரிந்தவர் எண்பது. சந்தேகம் இல்லை’ என்று நான் எழுதினேன். சபை பிறந்த அன்றே நூற்றுக்கு நூறு.

இப்படியே வாரம் தவறாமல் நடந்தது. எக்ஸ்ரே, ஆகாயக் கப்பல், செயற்கைப் பட்டு. ஒரு வாரம் டாக்டர், இன்னும் இருபது வருஷத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் லண்டனில் இருப்பவர் தோன்றி நம்மிடம் பேசுவார் என்றார். பொங்கியண்ணன் என்ற குடியானவர் மட்டும் மிகவும் கவலையோடு எழுந்தார்.

“ஏனுங்க, அப்படி ஊட்டுக்குள்ள வந்தவருக்கு நாம காபி கீபி குடுக்கோணுமுங்களா?”

இது சந்தேகம் அல்ல, விருந்தோம்பல் என்று நான் தீர்ப்பளித்தேன். நூற்றுக்கு நூறு பிழைத்தது.

சபையின் உயிர் காபிதான். அதை நான் காரியதரிசி என்ற பொறுப்போடு கவனித்தேன். ஆளுக்கு ஒரு டம்ளர் காபி, டம்ளர் கழுவத் தண்ணீர், வருகிறவர்கள் கால் கழுவத் தண்ணீர், புழுதி அடங்க வாசலில் தெளிக்கத் தண்ணீர். இதற்காக வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சீட்டு எழுதிக் கவுண்டருக்கு அனுப்புவேன்: ‘நாளைக் கூட்டத்துக்குத் தொட்டி நிரப்பி வைக்கவும். காரியதரிசி.’ கவுண்டர் மோட்டாரைப் போடுவார். தொட்டி பத்து நிமிஷத்தில் நிரம்பும். போட்டது போட்டதுதானே என்று அவர் மோட்டாரைப் பொழுது விடியும்வரை ஓடவிடுவார். புதிதாய் நட்டிருந்த கரும்புக்குப் பாயும். மின்சார யுகத்தில் எருதுக்குத்தான் களைப்பு, மோட்டாருக்கு ஏது?

இவ்வளவு சீராக நடந்த சபைக்கும் ஒரு சோதனை வந்தது. அதன் பெயர் பூவாத்தாள்.

பூவாத்தாள் செங்கோட்டையக் கவுண்டரின் அண்ணன் சம்சாரம். அண்ணன் காலமாகி ஆறு வருஷம். அவர் வைத்தியத்துக்கு விற்றது போக மிஞ்சிய ஒரு ஏக்கரில் அந்த அம்மாள் கம்போடியாப் பருத்தி போட்டிருந்தாள். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. வாரத்தில் ஆறு நாள் இறைக்கிற முறை கவுண்டருடையது. சனிக்கிழமை ஒரு நாள், பொழுது உதித்ததிலிருந்து விழும்வரை, பூவாத்தாள் முறை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டோடு சண்டை போடுவார்கள், கோயிலில் முதல் மரியாதைக்குச் சண்டை போடுவார்கள். ஆனால் முறை நாளில் அடுத்தவன் கிணற்று மேட்டில் கால் வைக்கமாட்டார்கள்.

அந்த முறையை ஏற்படுத்தியவர்கள் இரண்டு வீட்டிலும் எருது பூட்டித் தோல் பறியால் கவலை இறைத்த காலத்தவர்கள். எருது பகலெல்லாம் இறைக்கும், இரவு தூங்கும். அது தூங்குகிற நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும். மோட்டார் தூங்குவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு கவுண்டர் முறை முடிகிறபோது கிணற்றில் இருப்பதையெல்லாம் அது குடித்து முடித்திருக்கும். சனிக்கிழமை காலையில் பூவாத்தாள் எருதுகளைப் பூட்டினால் நாலு பறி தண்ணீர், பிறகு சேறு. யாரும் யார் முறையிலும் கை வைக்கவில்லை. மழை வேறு அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. பருத்தி மட்டும் காய் பிடிக்கிற நேரத்தில் வாடியது.

இதைக் கேட்கத்தான் பூவாத்தாள் சபைக்கு வந்தாள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தண்டோரா போட்டிருந்ததை அந்த அம்மாள் நம்பிவிட்டாள்.

முதல் தடவை அவள் வாயைத் திறந்தபோது, கேள்விகள் எழுத்து மூலம் வர வேண்டும் என்ற ஒன்பதாவது விதியைச் சுட்டிக்காட்டினேன். அவளுக்கு எழுதத் தெரியாது. அடுத்த வாரம் யாரையோ பிடித்து எழுதிக்கொண்டு வந்தாள். கேள்வி அன்றைய பொருளைப் பற்றி இருக்க வேண்டும் என்பது பதினான்காவது விதி. அன்றைய பொருள் சந்திர மண்டலம். அவள் சளைக்காமல் தண்ணீரைப் பற்றிப் பேசும் நாள் வரும்வரை காத்திருந்தாள். அதுவும் வந்தது. தண்ணீர் என்பது இரண்டு வாயுக்களின் கூட்டு. ஒன்று இரண்டு பங்கு, மற்றொன்று ஒரு பங்கு என்று டாக்டர் விளக்கினார். பூவாத்தாள் எழுந்து, பங்கைப் பத்தித்தானுங்க நானும் கேட்க வந்தேன் என்றாள்.

தலைவர் நாற்காலியில் இருந்த செங்கோட்டையக் கவுண்டர் உடனே எழுந்துவிட்டார். கோபத்தில் அல்ல, மரியாதையில். அண்ணன் சம்சாரம் நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்?

“நங்கையா, நீங்க போயி நெழல்ல உட்காருங்க. வெயில்ல நிக்காதீங்க. அம்மணிக்கு ஒரு காபி குடுங்கப்பா.”

அவளுக்குக் காபி வந்தது. வாயில் காபியோடு எவரும் கேள்வி கேட்க முடியாது. அவள் குடித்து முடிப்பதற்குள் நான் நன்றியுரை கூறிவிட்டேன். ‘சந்தேகம் இல்லை.’

ஒன்பதாவது கூட்டம் மகத்தானது. அன்று மின்சாரத்தை மக்கள் தாமே அனுபவிக்க வேண்டும் என்று டாக்டர் கைப்பிடி சுழற்றும் ஒரு சிறு யந்திரம் கொண்டுவந்தார். பதினைந்து பேர் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். சுழற்றினால் பதினைந்து பேர் உடம்பிலும் ‘ஜிர்’ரென்று பாயும். ஆனால் யார் யார் கையைப் பிடிப்பது? மாமனார் கையை மருமகன் பிடிக்கக் கூசினார். சம்பந்தி கையைச் சம்பந்தி பிடிக்கக் கூசினார். இன்னும் சிலர் கூசியதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவை குறிப்பேட்டில் இல்லை. எனவே நடுவில் துண்டைப் பிடித்துக்கொள்வதென்று முடிவாயிற்று. டாக்டர் வேர்த்து விறுவிறுக்கச் சுழற்றினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ‘நல்லாப் பாஞ்சுதுங்க’ என்றார்கள் பதினைந்து பேரும், டாக்டர் மனம் நோகக் கூடாதே என்று.

துண்டை நனைக்க வேண்டும் என்று டாக்டருக்குப் பிறகுதான் உறைத்தது. தொட்டியைப் பார்த்தால் அடி தெரிந்தது. தண்ணீர் முழுவதும் காபியாகிவிட்டிருந்தது. விஞ்ஞானம் தடைப்படலாகாது என்று நான் காபியிலேயே துண்டுகளை நனைக்க உத்தரவிட்டேன். டாக்டர் சுழற்றினார். பதினைந்து பேரும் ஒரு முழம் எழும்பி ஒன்றாக விழுந்தார்கள். மாமனாரின் கையை மருமகன் விடவே இல்லை. தென்னை மரத்தடியில் நின்ற பூவாத்தாள், காலியாய்க் கிடந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் புகழ் சென்னை வரைக்கும் எட்டியது என்று நாங்களே எழுதிப் போட்டோம். இருபத்தோராவது கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து எஞ்சினீயர் ஜபருல்லா சாகிப் வர ஒப்புக்கொண்டார். ஒரு வருஷம் ஆகும்வரை பொறுக்க முடியாமல் அதையே ஆண்டு விழா என்று அறிவித்தோம். காலை பத்து மணிக்கு விழா, பதினொன்றுக்கு சாகிப் தம் திருக்கரத்தால் மோட்டாரைப் போட, தண்ணீர் பனைமர உயரம் பொங்கும், மக்கள் வியப்பார்கள். சனிக்கிழமை யார் முறை என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

இடம் தேர்ந்தெடுத்தது நான். கிணற்றிலிருந்து கவலை எருதுகள் இறங்கும் சரிவு ஒன்று உண்டு. மோட்டார் வந்தபின் அதை யார் பார்க்கிறார்கள்? சரிவில் ஜனங்களை உட்கார வைத்தால் பின்னால் இருப்பவருக்கும் தலை மறைக்காது. நீளவாக்கில் பந்தல் போட்டு, ஜமக்காளம் விரித்து, கிணற்றுப் பக்கம் மேஜை போட்டோம். ஐந்நூறு பேருக்குக் காபி. ஆகவே வெள்ளிக்கிழமை நான் எழுதிய சீட்டில் ‘தொட்டி’ என்பதைத் ‘தொட்டிகள்’ என்று திருத்தினேன். தெரு முழுவதும் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். மோட்டார் விடிய விடிய ஓடியது.

சனிக்கிழமை பத்து மணி. டாக்டர் நாயுடு, ‘மின்சாரம் வந்ததால் குடியானவனின் துன்பம் ஒழிந்தது’ என்று தொடங்கினார். அந்தச் சமயத்தில் பூவாத்தாள் கிணற்று மேட்டில் இரண்டு எருதுகளைப் பூட்டி, தோல் பறியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

யாரும் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது? அன்று சனிக்கிழமை. அவள் முறை. ஐந்நூறு பேரும் எழுந்து, இரண்டாகப் பிரிந்து, எருதுகளுக்கு வழிவிட்டார்கள். சிலர் வழக்கத்தை விட முடியாமல் ‘வாங்க’ என்றும் சொன்னார்கள். எருதுகள் பந்தலுக்குள் முகம் காட்டி இறங்கின. கவலை எருது திரும்புவதில்லை. வந்த வழியே பின்வாங்கித்தான் ஏறும். ஆகையால் அவை ஏறும்போது மேஜையில் இருந்த பெரிய மனிதர்களெல்லாம் இரண்டு வால்களைத் தரிசித்தார்கள். டாக்டர் பேச்சை நிறுத்தினார். எருது மேலே போனதும் ‘எனவே’ என்று ஆரம்பித்தார். எருது மறுபடி இறங்கியது. ஜனங்கள் எழுந்தார்கள். டாக்டர் நிறுத்தினார். ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ‘எனவே’ என்றார். இப்படிப் பதினோரு ‘எனவே’ ஆயிற்று.

சாகிப்புக்கு இது நிகழ்ச்சி நிரலில் சேர்ந்ததோ என்று சந்தேகம். பறி மேலே வருவதையும், அது கவிழ்வதையும், அதிலிருந்து ஒரு சொட்டும் விழாததையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து கிணற்று மேட்டுக்கே போய்விட்டார். நானும் குறிப்பேட்டோடு பின்னால் ஓடினேன்.

“என்னம்மா இறைக்கிறீர்கள்?”

“என்ர முறைங்க.”

“தண்ணீர் வரவில்லையே.”

“இல்லீங்க. கெணத்துல இல்லீங்க.”

“பின்னே எதற்கு இறைக்கிறீர்கள்?”

பூவாத்தாள் எருதை நிறுத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒரு வாரம் பூட்டாம உட்டுப்போட்டமுன்னா, அந்தம்மா இறைக்கறதே இல்லீன்னு சொல்லிப்போடுவாங்க. அப்பறம் முறையும் இருக்காதுங்க. தண்ணி இல்லீனாலும் இறைச்சுத்தானுங்க ஆகோணும். இருவது வாரமா இப்படித்தானுங்க இறைக்கறேன்.”

சாகிப் பெரிய மனிதர். இதோ உங்களுக்கு நான் தண்ணீர் தருகிறேன் என்று நேராக மோட்டார் அறைக்குப் போய் விசையைப் போட்டார். ஐந்நூறு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மோட்டார் உறுமியது, இருமியது, பிறகு குழாய் வழியே நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. வியப்பதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஜனங்கள் வியந்தார்கள். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

டாக்டர் நாயுடு சமாளித்துக்கொண்டு, இது வெற்றிடம் எனப்படும், ஜெர்மனியில் இதை உண்டாக்குவதற்குத் தனி யந்திரம் வைத்திருக்கிறார்கள் என்றார். ‘நல்லாப் புரிஞ்சுதுங்க’ என்றது சபை.

சாகிப்புக்கு மட்டும் புரியவில்லை. அவர் சென்னைக்காரர், பழக்கம் போதாது. இந்தக் கிணறு காலியானால் நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“ரா முச்சூடும் உட்டா அஞ்சு மொழம் ஊறுமுங்க,” என்றாள் பூவாத்தாள். “அஞ்சு மொழம் இருந்தா எனக்கு ஒரு பகலுக்குப் போதுமுங்க. மழையில்லாத மாசத்துல நாலு மொழமுங்க. கவுறு உட்டு அளந்து வெச்சிருக்கறேன்.”

இருபத்தொரு வாரத்தில் சபையில் ஒருவர் தாமே அளந்த ஓர் அளவைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாகிப் என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். எல்லாப் பக்கத்தின் அடியிலும் என் முத்தான கையெழுத்து. “இருபது கூட்டத்தில் ஒரு சந்தேகம்கூட வரவில்லையா?” என்றார்.

“எல்லாருக்கும் தெளிவாப் புரிஞ்சுபோச்சுங்க,” என்றேன் பணிவாக.

“எனக்கும் புரியாம இல்லீங்க,” என்றாள் பூவாத்தாள். “எனக்குப் புரிஞ்சது உங்களுக்கும் புரியோணுமுன்னுதானுங்க கேட்டுட்டு இருந்தேன்.” பிறகு செங்கோட்டையக் கவுண்டர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. “ஏனுங் கொழுந்தனாரே, உங்க முறையில நான் கை வெக்கலீங்க. வெள்ளிக்கெழம பொழுது உழுந்ததும் மோட்டார நிறுத்திப்போட்டு, அந்த அறைச் சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க. சனிக்கெழம பொழுது உழுந்ததும் கொண்டாந்து குடுத்தர்றேன். அந்த ரா ஒண்ணு கெணறு தூங்கட்டுமுங்க. செரீங்களா?”

கவுண்டர் வழக்கை விரும்பாதவர், ஆனால் அஞ்சாதவர். தனியாகக் கேட்டிருந்தால் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்க விட்டிருப்பார். ஆனால் அண்ணன் சம்சாரம், நாலு ஊர் ஜனத்துக்கு முன்னால், அவள் முறை நாளில், கிணற்று மேட்டில் நின்று, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுக் கேட்கிறாள். ‘முடியாது’ என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு எங்கள் பாஷையில் வழி இல்லை. அவர் வாய் தானாகவே, “செரீங்க நங்கையா,” என்றது. இடுப்பிலிருந்த சாவியைக் கை தானாகவே எடுத்துக் கொடுத்தது. ஐந்நூறு பேரும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் சபையில் முதல் தடவையிலேயே வெற்றி பெற்ற ஒரே பரிசோதனை அதுதான். ஆண்டறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. பரிசோதனை நடத்தியவர் உறுப்பினர் அல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது விழுந்ததும் நான் வழக்கம்போல் தொட்டி நிரப்பச் சீட்டு அனுப்பினேன். மோட்டார் அறையின் சாவி பூவாத்தாளிடம் இருக்கிறது என்று சீட்டு திரும்பி வந்தது. சனிக்கிழமை காலை கிணற்றில் நாலரை முழம் நின்றது. பருத்தியில் பாதி பிழைத்தது. பாதி அதற்கு முன்பே போயிருந்தது. சாயங்காலம் இருபத்திரண்டாவது கூட்டத்தில் டாக்டர் நாயுடு ‘எதிர்காலம்’ என்ற பொருளில் பேசினார். காபி இல்லை என்று தெரிந்ததும் வந்திருந்தவர்களுக்கு எதிர்காலம் முதல் ஐந்து நிமிஷத்திலேயே நன்றாகப் புரிந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் நானும் டாக்டரும் மட்டும் இருந்தோம். அவர் சந்தேகம் உண்டா என்றார். இல்லீங்க என்றேன். சபை கலைந்தது.

கோயமுத்தூர் ஜில்லாவில் அதுபோன்ற சபை இனிமேல் ஏற்படாது. விஞ்ஞானத்தில் மக்களுக்கு அன்று இருந்த தாகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அந்தத் தாகத்தின் கணக்கு குறிப்பேட்டில் இருக்கிறது: இருபத்தொரு சனிக்கிழமை, எண்பது பேர் வந்தாலும் ஐந்நூறு பேர் வந்தாலும் தலைக்கு ஒரு டம்ளர். பூவாத்தாளின் பருத்திக்குப் போக வேண்டியதைத்தான் நாங்கள் பாலும் சர்க்கரையும் கலந்து, சூடாகக் குடித்துக்கொண்டே, அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

காரியதரிசி என்பதால் எனக்கு மட்டும் இரண்டு டம்ளர்.